சுவரில் தொங்கிய கட்டக் கைலி

3 ஜூன் 1996, திங்கள்

பேட்டை நெசவுக்காரர்கள் கடைக்குக் கொண்டுவந்த கைலிகளில் இரண்டைத் திருப்பிவிட்டேன். கரை கோணல். இடது கண்ணின் நடுவே மங்கல் விழுந்த பிறகும் இந்த அகமது மீரானை ஏய்க்க முடியாது!

மிச்சம் இருப்பது வலது கண். அதன் விழித்திரையிலும் மஞ்சள் புள்ளிகள் இருப்பதைப் படம் எடுத்துக் காட்டினார் டாக்டர் ஹெப்சிபா. தினமும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கட்டத்தாளைப் பார்க்க வேண்டுமாம். கோடு வளைந்து தெரிந்தால் உடனே ஓடிவர வேண்டுமாம். ஆயுசெல்லாம் கைலிக் கட்டம் பார்த்தவனுக்குத் தாள் எதற்கு? சுவரில் ஒரு கைலியைத் தொங்கவிட்டு அதைத்தான் பார்க்கிறேன்.

7 ஜூன்

கோடு நேர். அல்ஹம்துலில்லாஹ்.

10 ஜூன்

வளைகிறது. நடுவில். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன் — அப்படியேதான். இந்தக் கண்ணும் போச்சா?

மனைவி மஹ்மூதாவிடம் சொல்லவில்லை. சோறு போடும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குதிய?" என்றாள். பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

11 ஜூன்

ஆஸ்பத்திரி. கை நரம்பில் மஞ்சள் மருந்து ஏற்றி, பளீர் பளீரென்று படம் எடுத்தார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அதே புள்ளிதான் அண்ணாச்சி. கசிவு ஒண்ணும் இல்ல." பிறகு கட்டத்தாளை நீட்டினார். எல்லாக் கோடும் நேர்!

கைலிக் கதையை வெட்கத்தோடு சொன்னேன். "கண்ணுல கோளாறுன்னா எங்க பாத்தாலும் அங்கன வளையும். கைலியில மட்டும் எப்படி வளையும்?" என்று சிரித்தார்.

மருந்தால் முகமெல்லாம் மஞ்சளாக வீடு வந்தேன். மஹ்மூதா காமாலையென்று அலறினாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் கைலியையா? அழுக்கா இருக்கேன்னு முந்தாநாள் வெளுக்கப் போட்டுட்டு, பெட்டியில இருந்த இதைத் தொங்கவிட்டேன். இது என் தம்பி ரசீத் பெருநாளைக்குத் தந்ததுல்லா?"

ரசீத் நெய்தது! அதே கட்டம், அதே நிறம். அன்பளிப்பை விரித்துக் குறை பார்ப்பது முறையில்லை என்று மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருந்தேன். இப்போது அளவுகோல் வைத்துப் பார்த்தேன். குறுக்கே ஓடும் ஊடை இழை நடுவில் நெளிந்து கிடக்கிறது. இவ்வளவு மட்டமான நெசவைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதே இல்லை. அவள் சிரித்து முடித்தபின் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

14 ஜூன், வெள்ளி

டாக்டர் தந்த தாள் சுவருக்குப் போயிற்று. ரசீதின் கைலியைக் கட்டிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகை முடிந்ததும் ரசீத் தயங்கித் தயங்கி வந்தான்.

"மச்சான், நடுவுல கொஞ்சம் கோணிப் போச்சு. உங்களுக்குத் தெரியலையோ?"

"தெரியுதுலே. நல்லாத் தெரியுது" என்று அவனை இறுகக் கட்டிக்கொண்டேன்.