கறுப்பாக வந்த படம்

மாப்ளே,

உன் கேமரா இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. போன வாரம் உன் சரசு அதை உன் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். துண்டைப் பிரித்ததும் பவுடர் வாசம் குப்பென்று அடித்தது. வயதாகிப்போன இந்த டிஜிட்டல் கேமராக்களின் கைப்பிடி ரப்பர் இளகி, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். அதற்கு நீ முகப் பவுடரைத் தடவுவாய். உன் முகத்துக்குக்கூட நீ அவ்வளவு போட்டுக்கொண்டதில்லை.

நீ போய் வருஷம் திரும்பப்போகிறது. அதற்குள் முன்னறையில் உன் படத்தை மாட்டிவிட வேண்டும் என்று உன் வீட்டுக்காரிக்கு ஒரே தவிப்பு. ஊரிலிருக்கும் மாடு கன்று வரைக்கும் படம் பிடித்தவனுக்கு, மாட்டுவதற்கு உருப்படியாக ஒரு படம் இல்லை பார். பிரேம் போடும் கடையில் உன் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, கம்ப்யூட்டரில் துடைத்து வழித்து, நிறம் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மூக்கின் மேலிருந்த அம்மைத் தழும்பைக் காணோம். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இது அவராட்டவே இல்லீங்ணா. யாரோ ஓட்டுக் கேக்க வந்தவராட்ட இருக்குது" என்றாள் சரசு. "நீங்க எடுத்தது ஏதாச்சும் இருக்குதுங்ளா?"

இருந்தது. ஒன்றே ஒன்று. ஆனால் அது முழுக் கறுப்பு. அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பொள்ளாச்சியில் ஒரு கல்யாண ஸ்டுடியோவை மூடியபோது நீ இந்தக் கேமராவை வாங்கி வந்தாய். செல்போன் இருக்கும்போது இந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு எதற்கு அலைகிறாய் என்று நான் கேலி செய்தேன். "செல்போன் இருட்டப் பகலாக்கிப் போடுது மாப்ளே. எனக்கு இருட்டு இருட்டாவே வேணும்" என்றாய். அன்றைக்கு அது வீம்பாகத்தான் பட்டது. சாயங்காலம் கட்டுத்தரையில் பால் கறக்கும் நேரத்தில், மாட்டின் முதுகில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் நிற்க நீ எடுத்த படங்களைப் பார்த்த பிறகுதான் என் வாய் அடங்கியது.

முதல் நாள் நீ ஃப்ளாஷ் போட்டதும் செவலை மாடு பால் வாளியை எட்டி உதைத்ததோடு அந்த ஃப்ளாஷுக்கு வேலை போய்விட்டது. வெளிச்சம் போதாத இடத்தில் கேமராவின் உணர்திறனை ஏற்றினால் படமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். "கடுகு கொட்டிப்போட்டுது" என்பாய். அதற்குப் பயந்து ஏற்றவும் மாட்டாய். கட்டுத்தரைத் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, மாடு அசைபோடுவதை நிறுத்தும்வரை காத்திருந்து, கேமராக் கண்ணை அரை நொடி திறந்து வைப்பாய். கை ஆடிவிடக் கூடாதென்று நீ மூச்சை அடக்கும்போது இரண்டு கன்னமும் போண்டாவாக உப்பும். பால் சொம்போடு நிற்கும் சரசு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "எதுவானாலும் ஒரு செகண்டு நிக்கும் மாப்ளே. நாமதான் அதுவரைக்கும் நிக்கறதில்ல" என்று எனக்கு ஒரு குட்டு வேறு.

காந்தலூருக்குப் போனோமே, உன் சின்ன மாமன் தோட்டத்துக்கு. உனக்கு அப்போதே வீசிங் அதிகமாகியிருந்தது. ஜீப் நின்ற இடத்திலிருந்து வீடு வரைக்குமான மேட்டில் நின்று நின்றுதான் ஏறினாய். கேமராப் பையை நான் கேட்டதற்குக் கொடுக்கவில்லை. பூண்டு கெடாமலிருக்கப் புகை போடும் அறையைப் பார்த்ததும் உனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! ஒரே ஒரு ஜன்னல், கூரை முழுக்கக் கட்டுக் கட்டாகப் பூண்டு, கண் எரியும் புகை. புகை ஆகாது, வெளியே வா என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் வறண்டது.

எல்லாம் எடுத்து முடித்து, கேமராவை என்னிடம் நீட்டினாய். "என்னைய ஒண்ணு எடு." அதற்கு முன்னால் நீ அப்படிக் கேட்டதே இல்லை.

ஒரு பூண்டு மூட்டைமேல் கேமராவை வைத்தேன். "அசையாத நில்லு" என்று உன்னை அதட்டினேன். பிறகு பட்டன்களோடு மல்லுக்கட்டினேன். சோதித்துப் பார்க்க ஒன்று அமுக்கினால், கேமராவின் பின்னாலிருக்கும் சின்னத் திரையில் படம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அதை அழித்துவிட்டு வெளிச்சத்தைக் குறைத்தேன்; இன்னும் குறைத்தேன். நீ ஜன்னலோரம் அப்படியே நின்றாய். கடைசியாக ஒன்று எடுத்து, "சூப்பரா வந்திருக்குது" என்றேன். நீ இருமிக்கொண்டே வெளியே ஓடினாய்.

ஊருக்கு வந்து உன் கம்ப்யூட்டரில் போட்டால், கறுப்பு. "இருட்டுல அந்தத் திரைய நம்பாத, எல்லாம் பளிச்சுனுதான் தெரியும்னு எத்தன தடவ சொன்னேன்! என்னைய எடுக்கச் சொன்னா எருமைய எடுத்து வெச்சிருக்கறயே!" என்று ஊர் கேட்கச் சிரித்தாய். நான் ரோஷத்தோடு அழிக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாய். "அழிச்சுப்போடாத. உள்ள ஆள் இருக்கறான். ஒரு நாளைக்கு வெளிச்சத்த ஏத்திப் பாத்துக்கலாம்."

அந்த ஒரு நாள் போன வாரம்தான் வந்தது. நீ இல்லாமல் வந்தது.

சரசு கேமராவைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு அந்தக் கறுப்புப் படத்தை என் கம்ப்யூட்டரில் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தை ஏற்றினேன். முதலில் ஜன்னல் சட்டம் வந்தது. அப்புறம் தலைக்கு மேல் பூண்டுக் கட்டுகள். அப்புறம் உன் காது, தோள், தழும்போடு மூக்கு. ஒரு மூட்டைக் கடுகைக் கொட்டியதுபோல் படம் முழுக்கப் புள்ளி. ஆனால் நீ இருந்தாய். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதடு இறுகி, கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். மேடு ஏறவே மூச்சு போதாதவன், அந்தப் புகைக்குள், நான் பட்டனைத் தேடிய நேரமெல்லாம். என் படம் ஆடிவிடக் கூடாதென்று. நான் எடுத்துத் தொலைக்கும் ஒரு படத்துக்காக. மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன் மாப்ளே. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

இதை எப்படிச் சரசுவிடம் காட்டுவது என்று தயங்கித் தயங்கித்தான் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். வாசலிலேயே வாங்கிப் பார்த்தாள். புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இவருதானுங்ணா" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது. "மூச்ச விடச் சொல்லுங்ணா. எத்தன நேரந்தான் புடிச்சுட்டு நிப்பாரு."

முன்னறையில் இப்போது அந்தப் படம்தான். வருகிறவர்கள் என்ன இது, மூஞ்சியெல்லாம் புள்ளி என்று கேட்கிறார்கள். சரசு அவர்களுக்குக் காந்தலூர்ப் பூண்டு அறையில் ஆரம்பித்து முழுக்கதையையும் சொல்லிவிடுகிறாள். என்னைப் பற்றிய இடத்தில் எருமையையும் விடுவதில்லை.

இன்று சாயங்காலம் உன் கட்டுத்தரைக்குப் போனேன். செவலை மாட்டின் பேத்தி இப்போது அங்கே நிற்கிறது. பவுடர் தடவிய கேமராவோடு அதே தூணில் சாய்ந்தேன். திரையைப் பார்க்கவில்லை. மாடு அசைபோடுவதை நிறுத்தும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, அமுக்கினேன்.

மூச்சை விட்டுவிட்டேன் மாப்ளே. படம் ஆடாமல் வந்திருக்கிறது. நீயும் விட்டுவிடு.