மழையில் பேசாத அட்டைகள்

நவம்பர் 12
எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பள்ளியில் மதுமதி மிஸ் தந்த, ஈரம் அளக்கும் மூன்று மின்னணு அட்டைகளையும் இன்று நைனாவின் கிடங்கில், விதை மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே கட்டினேன். பேட்டரி கிடையாது. கூரையின் கண்ணாடி ஓடு வழியாக விழும் வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டு, கடைப் போனுக்கு ஈரப்பதத்தை அனுப்பும். வெளிச்சம் குறைந்தால் ரேடியோ தன் சக்தியைக் குறைத்து, செய்தியையும் சுருக்கிக்கொள்ளும். போன் திரையைச் செய்தது நான். காய்ந்திருந்தால் பச்சை, ஈரமென்றால் சிவப்பு.

நாங்கள் ஜைனர்கள். எந்த உயிரையும் கொல்லக் கூடாதென்று நைனா பூச்சிமருந்து வைக்க மாட்டார். ஈரம் ஏறினால் கடலையில் வண்டு வரும். அதற்கு முன்பே காயவைத்துவிடுவார். தினமும் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பார்.

"இனிமே எம் பொண்ணு பாத்துக்கும்" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

நவம்பர் 19
மழை. பச்சை.

நவம்பர் 23
மழையில் கோட்டை மலையே தெரியவில்லை. "ஒரு மூட்டையப் பிரிச்சுத்தான் பாருங்களேன், வாடை வருது" என்றாள் அம்மா.

"பச்சையா இருக்குது பாரு. உன் மூக்க நம்பறதா, இத நம்பறதா?"

"என் மூக்குக்கு சார்ஜ் போட வேணாம்."

"இதுக்குந்தான் வேணாம்."

இருவரும் சிரித்தார்கள். அட்டைகளிலிருந்து கடைசிச் செய்தி எப்போது வந்தது?

நவம்பர் 24
பார்த்துவிட்டேன். மழை பிடித்த நாளிலிருந்து ஒன்றுமே வரவில்லை. வெளிச்சமில்லாமல் மூன்றும் கிடக்கின்றன. செய்தி வராவிட்டால் திரையில் பழைய நிறமே இருக்கட்டும் என்று நிரலில் எழுதியது நான்தான். வெயிலில் மட்டும்தான் சோதித்தேன் — நைனாகிட்ட இன்னான்னு சொல்றது? நாளைக்கு வெயில் வந்துட்டா?

நவம்பர் 26
வெயில் வரல. நானும் சொல்லல.

நவம்பர் 29
வானம் வெளுத்தது. மதியம் திரை சிவந்தது. நைனா ஓடிப்போய் மூட்டையைப் பிரித்தார். காய்களின் மேலெல்லாம் வண்டு. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"அஞ்சு நாளா, நைனா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவுமில்லை.

டிசம்பர் 2
முன்பே சொல்லிவைத்த விவசாயிகள் அவலூர்பேட்டையிலிருந்து விதை கேட்டு வந்துகொண்டே இருக்கிறார்கள். மார்கழிக்குள் விதைத்தாக வேண்டும். வேறு விதை இல்லை.

டிசம்பர் 4
பூச்சிமருந்து வைக்கும் ஆட்களை நைனாவே கூப்பிட்டு வந்தார். மூட்டைகளுக்கு இடையே விஷ மாத்திரை வைத்து, அதன் வாயு வெளியேறாமல் கதவிடுக்கைக் களிமண்ணால் பூசினார்கள். பூசி முடிக்கும் வரை நைனா அங்கேயே நின்றார். கழற்றிய அட்டைகளை என்னிடம் நீட்டி, "மிஸ்கிட்ட குடுத்துடு" என்றார். செருப்பில்லாமல் கோயிலுக்கு நடந்தார்.

டிசம்பர் 7
இன்றும் நைனா கோயிலிலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டது. இருட்டினால் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அம்மா நைனாவுக்கு வைத்திருந்த தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள்.