பல்லுக்கு வாங்கிய கடனும் உங்கள் நம்பரும்

என் அன்புப் பரீதா ராத்தா,

நீங்கள் இருக்கும் இடத்தில் குறையொன்றும் இருக்காது என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம், கடையும் நலம். உங்கள் காசாளர் கதிரையில் இப்போது முதலாளியின் மருமகன் உட்கார்ந்திருக்கிறார். சில்லறை எண்ணும்போது உதடு அசைகிறது. நீங்கள் பார்த்தால் அன்றைக்கு முழுவதும் சிரித்திருப்பீர்கள்.

இந்தக் கடிதம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காக. நீங்கள் கண் மூடி, மவுத்தாகி ஒரு வருஷம் கழித்து, ஒரு கடன் விண்ணப்பத்தில் 'தெரிந்தவர்' என்று உங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபப்படாமல் கேளுங்கள்.

ஒரு மழை நாளில் கடைப் படியில் வழுக்கி விழுந்து என் முன்பல் பாதி உடைந்தது. சேலை விற்கிறவள் சிரிக்காமல் எப்படி விற்பது? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே ஒரு மாதம் ஓட்டினேன். கண்டியில் எந்தக் கடையிலாவது அப்படி ஒரு விற்பனைக்காரியைப் பார்த்திருக்கிறீர்களா? தனியார் டாக்டர் இருபதாயிரம் கேட்டார். பல்லுக்கா அவ்வளவு என்று கேட்பாரோ என்ற வெட்கத்தில் என் வீட்டுக்காரரிடம் வாய் திறக்கவில்லை. கடனுக்கென்றே ஒரு ஆப் இருந்தது. ஹேவாஹெட்ட பஸ்ஸில் உட்கார்ந்தபடியே விண்ணப்பித்தேன். இறங்குவதற்குள் இருபதாயிரமும் வந்துவிட்டது, பல்லையும் கட்டிக்கொண்டேன்.

தெரிந்தவர் ஒருவரின் நம்பர் கேட்டார்கள். உயிரோடு இருக்கிற யாரையும் எழுத மனம் வரவில்லை. மனப்பாடமாக இருந்த நம்பர் உங்களுடையது. யாரும் எடுக்கமாட்டார்கள் என்ற தைரியம் வேறு.

ஒரு மாதத்தில் முழுவதையும் கட்ட வேண்டும். முடியாவிட்டால் ஐயாயிரம் கட்டி இன்னொரு மாதம் நீட்டலாம். மூன்று முறை நீட்டினேன். பதினைந்தாயிரம் போனது, கடன் இருந்த இடத்திலேயே இருந்தது. நாலாவது மாதம் என்னால் முடியவில்லை. தாமதக் கட்டணம், வட்டி என்று சேர்த்து முப்பத்தோராயிரம் காட்டினார்கள். தினமும் போன் அடித்தார்கள். கடைசியில் அதை எடுப்பதையே விட்டேன்.

நான் எடுக்காததால் உங்களை அழைத்திருக்கிறார்கள் ராத்தா. உங்கள் நம்பர் சாகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் வீட்டுக்காரர், எங்கள் நானா, அந்தப் பழைய போனைத் திகனயில் உள்ள தன் ஹார்ட்வெயார் கடை மேசையிலேயே வைத்து, மாதா மாதம் ரீலோட் போட்டு வந்திருக்கிறார்.

"கலா மேடத்தோட கடன் விஷயமா பரீதா மேடத்துக்கிட்ட பேசலாமா சார்?" என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள்.

"அவ மவுத்தாகி ஒன்றரை வருஷம், மகள்."

"சரி சார். அப்ப மேடம் எத்தனை மணிக்கு ஃப்ரீயா இருப்பாங்க?"

"மறுமை நாள்லதான் ஏலும், மகள். வேணும்னா எழுதி வெச்சுக்கங்க."

அந்தப் பெண் எழுதியும் வைத்துக்கொண்டாளாம்!

அன்று பின்னேரமே நானா கண்டிக்கு பஸ் ஏறிக் கடைக்கு வந்து நின்றார். "கலா, ஒங்கட கடனுக்கு ஏன் என்ட பொஞ்சாதியத் தேடுறாங்க?" என்றார். கையிலிருந்த சேலையை மடிக்கக்கூட வரவில்லை எனக்கு. தரை பிளக்காதா என்றிருந்தது. பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதும் விட்டேன். முழுப் பணத்தையும் தானே தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

"அப்ப கேளுங்க. இருபது வருஷமா நான் சிமெந்து கடனுக்குக் குடுக்கிற ஆள்," என்றார். "நாளைக்கு முழுசாத் தாறேன்னு செல்றவன் திரும்பி வர மாட்டான். மாசம் ஐநூறுதான் ஏலும்னு செல்றவன் வருவான். கடன் குடுத்தவனுக்கு ரெண்டாவது ஆளைத்தான் புடிக்கும். ஏலுமானதை மட்டும் செல்லுங்க. ஒளியாதீங்க."

அந்த நம்பரை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். தேநீரை ஒரு சுற்றுச் சுற்றினார். "அவவை யாராச்சும் தேடினா எனக்குத் தெரியணுமே," என்றார்.

அன்றிரவு வீட்டுக்காரரிடமும் சொன்னேன். முகம் சுண்டிப்போனது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, குடுக்க உங்ககிட்ட இருந்திருக்குமா?"

"இருந்திருக்காது. ரெண்டு பேருமாச் சேர்ந்து பயந்திருக்கலாமே."

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்து வந்து முன்னால் உட்கார்ந்தார். அரிசி, பஸ், மகனின் வகுப்புக் காசு, மின்சாரம் எல்லாம் கழித்து, மாதம் மூவாயிரத்து இருநூறு மிஞ்சியது. மூவாயிரம் கட்டலாம் என்று முடிவு செய்தோம்.

ஒரு வேலை மட்டும் யாரும் சொல்லித்தராமல் நானே செய்தேன். மறுநாள் காலை முதலாளியிடம் போய், "இப்படி ஒரு கடன் இருக்கு சார், உங்களுக்கும் போன் கால் வரலாம்," என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "எனக்கு பேங்க்ல இருக்கிற கடன் தெரிஞ்சா நீ மயங்கி விழுந்துடுவ. போய் வேலையைப் பாரு," என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் சரக்கறையில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து கடன் கம்பெனியை அழைத்தேன். முதலில் சிங்களத்தில் ஒரு பெண் பேசினாள். பிறகு தமிழில் ஒரு தம்பி வந்தார்.

"இன்னைக்குப் பாதியாவது கட்டணும் மேடம். இல்லாட்டி வேலை இடத்துக்கு அறிவிப்போம்."

"அறிவிங்க தம்பி. முதலாளிக்கு நானே சொல்லிட்டேன்."

பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு மூச்சு முழுசாக வந்தது ராத்தா.

"அப்ப எவ்வளவு கட்டுவீங்க?"

"மாசம் மூவாயிரம்."

"அது வட்டிக்கே காணாது மேடம்."

"அதனாலதான் வட்டியை நிப்பாட்டச் சொல்றேன். நீட்டிக்கன்னே பதினஞ்சாயிரம் கட்டியிருக்கேன். ரசீது எல்லாம் போன்ல இருக்கு. நான் ஓடல. என்னால ஏலுமானதைத்தான் சொல்றேன்."

அன்று முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை, ஐயாயிரத்துக்கு இறங்கினார்கள். ஐயாயிரம் என்று தலையாட்டிவிட்டு இரண்டாம் மாதம் மறுபடி ஒளிய எனக்கு இஷ்டமில்லை. மூன்றாம் நாள் அந்தத் தம்பியே அழைத்தார். இனி வட்டி ஏறாது, மொத்தம் இருபத்துநாலாயிரம், எட்டு மாதம் என்றார்.

"எழுத்துல அனுப்புங்க தம்பி. அது வந்த பிறகுதான் முதல் மூவாயிரம். வேற யாருக்கும் கால் எடுக்கவும் கூடாது."

"சரி மேடம். அந்த பரீதா மேடம் நம்பரையும் அழிச்சிடுறேன்."

அழித்துவிடுங்கள் என்றேன். சொன்ன பிறகு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏதோ ஒரு பட்டியலிலாவது நீங்கள் போன் எடுக்கக்கூடிய ஆளாக இருந்தீர்களே. உங்களை அதிலிருந்தும் எடுக்கச் சொன்னது நான்தானே?

அவர்களின் சம்மதக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. வீட்டுக்காரர் அதை அச்செடுத்து அலுமாரியில் வைத்திருக்கிறார், ஏதோ காணி உறுதிப் பத்திரம் மாதிரி. ஐந்து தவணை கட்டியாயிற்று. இன்னும் மூன்றுதான். கண்டிக்கு வரும்போதெல்லாம் நானா கடைக்குள் எட்டிப் பார்த்து, "இந்த மாசத்துக்குக் கட்டியாச்சா?" என்று சத்தமாகக் கேட்கிறார். சேலை பார்க்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். முன்பென்றால் செத்தே போயிருப்பேன். இப்போது, "ஆச்சு நானா!" என்று அதைவிடச் சத்தமாகச் சொல்கிறேன்.

ராத்தா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எனக்குக் கஷ்டம் வந்தால், இறந்துபோனவர்களுக்குப் பின்னால் ஒளிய மாட்டேன். அன்றைக்கே, பக்கத்தில் உயிரோடு இருப்பவர்களிடம் வாய் திறந்து சொல்வேன். அவர்களால் ஒரு சதம் தர முடியாவிட்டாலும் சொல்வேன்.

நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
சேலைப் பக்கத்திலிருந்து உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த தங்கச்சி,
கலா