ஒன்றிலிருந்து மூன்று வரை

மார்ச் 3, செவ்வாய்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று ஒரு வரலாற்று முடிவு எடுக்கப்பட்டது: மேல்வீட்டுத் தையல்காரர் மீது வீட்டுக்காரருக்குப் புகார் எழுதுவது. ஆலோசனையில் கலந்துகொண்டவர்: நான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தேன். இரண்டு பக்கம். 'இரவு பத்து மணி வரை இடைவிடாத இரைச்சல்.' வீடு அமைதியாக இருந்ததால் நடை நன்றாகக் கூடிவந்தது. நாகரிகம் என்பது அடுத்தவர் காதை மதிப்பதில் தொடங்குகிறது என்று முடித்தேன்.

மார்ச் 4, புதன்

கொடுத்தாயிற்று.

மார்ச் 10, செவ்வாய்

அலமாரியில் என் மனைவியின் மூக்குக்கண்ணாடிக் கூடு. இரண்டு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது, இன்றுதான் திறந்தேன். உள்ளே ஒரு தலைவலி மாத்திரை.

கடைசி ஐந்து வருஷமும் தினம் ஒன்றிலிருந்து மூன்று வரை அவள் தூக்கம். நெற்றியில் ஈரத்துணி. நான் செய்தித்தாளைச் சத்தமில்லாமல் திருப்பப் பழகினேன். ஒருநாள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தும்மினேன்.

"ஒரு தும்மலுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் போறீங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமல். சிரித்தாளா? சிரித்தாள் என்றுதான் வைத்திருக்கிறேன்.

இந்தக் கட்டடத்திலேயே பண்பாளன் நான் ஒருவன்தான் என்று அப்போது எனக்கொரு எண்ணம்.

மார்ச் 14, சனி

மாடிப்படியில் தையல்காரர் மனைவி.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க சார். யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க. வாடிக்கையெல்லாம் இந்தத் தெருவுலதான். எங்க போறது?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ராத்திரி தைக்கிறதுதான் குத்தமாம். மதியம் ரெண்டு மணி நேரம் மெஷினை நிறுத்துறாரே, அந்த வேலையை எப்ப முடிக்கிறது?"

"ஏம்மா நிறுத்தணும்?"

"அக்கா ஒருநாள் இதே படியில தலைவலின்னு சொன்னாங்க சார். அன்னையிலேருந்து ஒரு மணி ஆனா மெஷின்லேருந்து காலை எடுத்துருவாரு."

"அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சே."

"நானும் கேட்டேன். கீழ சாரு தனியா தூங்குவாரே, விடுன்னுட்டாரு."

நான் அந்த நேரத்தில் தூங்குவதில்லை. எழுதுவேன்.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் போய்ப் புகாரைத் திரும்பக் கேட்டேன்.

"நீங்கதானே சார் எழுதினீங்க? படிச்சப்ப எனக்கே காது வலிச்சுது. இப்ப என் பையன் சாமான் போட அந்த மேல்வீட்டைக் கேட்டான், தர்றேன்னு சொல்லிட்டேன்."

என் எழுத்து இதற்கு முன் யாரையும் இப்படி அசைத்ததில்லை.

மார்ச் 16, திங்கள்

மேலே போனேன். "எழுதினது நான்தான்."

தையல்காரர் பல்லிலிருந்த நூலை எடுத்தார். "தெரியும் சார். வீட்டுக்காரர் காட்டினாரு. கையெழுத்து அழகா இருந்துச்சு." துணியை நீவி மடித்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா சொன்னாங்கல்ல."

எனக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. சீ.

மார்ச் 30, திங்கள்

சாமான் ஏற்ற வண்டி ஒரு மணிக்கே வந்துவிட்டது. மூன்று அடித்த பிறகுதான் மெஷினை இறக்கினார்கள்.

ஏப்ரல் 2, வியாழன்

ஒன்றிலிருந்து மூன்று வரை மேலே சத்தமில்லை. மூன்றுக்குப் பிறகும் இல்லை.