இரண்டு மைக்கில் ஒன்று

ஈஜிபுரா, பெங்களூரு
டிசம்பர் 9

அன்புள்ள ஜூலியா அக்காவுக்கு,

சேசுவுக்கு ஸ்தோத்திரம். வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் கேட்க வேண்டியதை இவள் ஏன் தாள் தாளாக எழுதியிருக்கிறாள் என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் சொல்வதற்கெல்லாம் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவேன். டிரேவர் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அம்மா உங்களுக்காகச் செய்த கல்கல் பலகாரத்தோடு இதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கல்கலை அவன் வழியிலேயே தின்று தீர்த்தாலும் கடிதமாவது வந்து சேரும்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பா கே.ஜி.எஃப். வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் குழாய் திறப்பதுகூட இங்கே கேட்கிறது என்று தினமும் புகார். நான் ஹெப்பகோடி ஆபீசுக்குப் போய்வருகிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். ஆனால் மீட்டிங்கில் நான் கண்டுபிடித்த தவறை இன்றைக்கும் கூட வேலை செய்யும் தீபிகாதான் எழுந்து சொல்கிறாள். எனக்குக் குரல் இருப்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

கோவில் பாடகர் குழுவை நடத்தும் நம் ஆம்ப்ரோஸ் அங்கிள் உங்களிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். குழுவுக்குப் புது மைக் வாங்குகிறோம். போன மாதம் மைதானத்தில் நடந்த பூசைக்கு, நம் குழுவின் வாயாடி கில்பர்ட் யாரிடமோ இரவல் வாங்கிய ரெக்கார்டிங் மைக்கைக் கொண்டுவந்து வைத்தான். அது என் பாட்டை விட்டுவிட்டு டிரம்ஸ், ஜெனரேட்டர், தெருவில் போன பஸ்ஸின் ஹார்ன் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டது. நடுவில் ஸ்பீக்கர் வீல் என்று கத்தியதில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்த மாதம் குழந்தை இயேசு திருநாள் பூசையும் அதே மைதானத்தில்தான். இந்த மாதிரி இடத்துக்குக் கையில் பிடித்துப் பாடுகிற டைனமிக் மைக்தான் சரி, அது கிட்டே இருக்கிற வாயை மட்டும் கேட்கும், தூரத்துச் சத்தத்தை அதிகம் சேர்க்காது என்று சவுண்ட் போடும் டென்சில் சொன்னான்.

சனிக்கிழமை மைக் பார்க்க எஸ்.பி. ரோட்டுக் கடைக்குப் போனோம். பாடப்போவது நீங்கள், சோதித்துப் பார்க்க மட்டும் நான். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருபவர்களுக்கு, திருநாள் அன்று அவர்களுடைய பழைய பாட்டைத் திருப்பிக் கொடுப்பது நம் குழுவின் வழக்கம்தானே. திருவிருந்துப் பாட்டை நீங்கள் போனதிலிருந்து நான்தான் பாடுகிறேன். ஆனாலும் அதை 'ஜூலியா பாட்டு' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

முதல் மைக்கைக் கையில் கொடுத்ததும், நீங்கள் பிடிப்பதுபோலவே நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, உங்கள் சுருதியிலேயே பாடினேன். பாடுவது லூர்துவா, கடையின் ஏ.சி. மிஷினா என்று கில்பர்ட் கேட்டான். கடைக்காரர் "ஸ்வல்ப ஹத்திர பன்னி மேடம்" என்று கன்னடத்தில் கொஞ்சம் கிட்டே வரச் சொல்லி, கையை வாய்க்கு அருகே கொண்டுபோய்க் காட்டினார். டென்சில் பொறுமை இழந்து, முத்தம் கொடுக்கிற தூரத்தில் வைத்துப் பாடும்மா என்றான். அங்கிள் இருமினார். எனக்குக் காது வரை சூடேறிவிட்டது.

கிட்டே வைத்துப் பாடியபோது குரல் கனமாக, நன்றாகத்தான் இருந்தது. டென்சில் கூடவே போனிலிருந்து டிரம்ஸ் பதிவைப் போட்டதும் நான் அதற்கு அடியில் போய்விட்டேன். இது பெரிய குரலுக்கான மைக், ஜூலியா முழு மூச்சில் பாடினாலும் காதைக் குத்தாது, கொஞ்சம் அசைந்தாலும் விட்டுவிடாது என்றான்.

இரண்டாவது வேறு ரகம். நேர் எதிரே இருப்பதைத்தான் எடுக்கும். முகத்தைச் சற்றுத் திருப்பினாலும் குரல் மங்கிவிடும். ஜூலியா சுருதி எதுக்கு, உன் சுருதியில் பாடு என்றான் டென்சில். குறைத்துப் பாடினேன். டிரம்ஸ் அதே சத்தத்தில்தான் ஓடியது. என் வார்த்தைகள் ஒவ்வொன்றும் தெளிவாக அதற்கு மேலே வந்து நின்றன. கில்பர்ட் கிண்டலை விட்டுவிட்டு, இன்னொரு முறை பாடு என்றான். அக்கா, கில்பர்ட் கிண்டல் செய்யாமல் இருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஆனால் அது உங்கள் குரலுக்கு ஆகாதாம். உச்சத்தில் தகரம் தட்டுவதுபோல் கேட்குமாம். மேலே போகும்போது மைக்கை இறக்கிப் பிடிப்பீர்களே, அந்த இடத்தில் பாட்டே காணாமல் போகுமாம். இருக்கிற காசில் ஒன்றுதான் வாங்க முடியும். கடைக்காரர் இரண்டையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். பாடப்போகிறவளையே கேட்டுடு என்றார் அங்கிள். அவர் எழுதச் சொன்னது இவ்வளவுதான்.

இனி எழுதுவது அவருக்குத் தெரியாது.

அங்கே ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண் நைட் டியூட்டி முடிந்து தூங்குவாள், அதனால் தலையணையில் முகத்தை வைத்துத்தான் பாடுகிறேன் என்று ஒருமுறை சொன்னீர்கள். அடக்கி வைத்த அந்தக் குரலைத் திறந்துவிட உங்களுக்கு இருப்பது இந்த ஒரு நாள். அதை நினைத்து இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்துப் போட்டேன். ஆனால் கடையில் என் குரல் எனக்குக் கேட்டுவிட்டது அக்கா. கேட்ட பிறகு, யாருக்கும் கேட்காமல் பாடிவிட்டு வர மனம் ஒப்பவில்லை.

முதல் மைக் என்று நீங்கள் எழுதினால் அதையே வாங்குவோம். உங்களுக்குப் பின்னால் நின்று முகம் கோணாமல் பாடுவேன். நீங்கள் பாடும்போது பின்னால் நிற்பது எனக்கு எப்போதும் பிடித்த இடம்தான். அந்தப் பாட்டை எனக்கே விடும்படி நானாக அங்கிளிடம் கேட்டால், ஊரை விட்டுப் போய் உழைக்கிற பிள்ளையின் பாட்டைப் பிடுங்குறியா என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கால்வலிக்கு அம்மா கொடுத்த தைலம் கல்கல் பையின் அடியில் இருக்கிறது. குழந்தை இயேசு உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பதில் எதுவானாலும் திருநாளுக்குக் கட்டாயம் வாருங்கள். வந்து, மனம் வைத்தால், அந்தத் திருவிருந்துப் பாட்டு ஒன்றுக்கு மட்டும், கீழே மக்களோடு முன்வரிசையில் உட்காருங்கள் அக்கா.

என்றும் உங்கள் தங்கை,
லூர்துமேரி