மேபல் விதைத்த புளி

4 மார்ச் 1991, திங்கள்
தூறல். வாங்க: பால், சவர்க்காரம், ஓடோடு புளியம்பழம் (மனோர் பார்க் தமிழ்க் கடையில் மட்டும்).

சனிக்கிழமை மிருகக்காட்சிசாலையில் மேபல் கிழவி, குரங்குக்குத் தூரத்து உறவான நீளவால்காரி, மற்ற லெமர்களைத் தள்ளிவிட்டுப் புளியைத் தின்றாள். லெமர் கூண்டில் பெண்களுக்கே முதல் பந்தி. எனக்குப் பிடித்த சட்டம். இன்று அவள் எச்சத்தைக் கிளறினேன். ஒன்பது கொட்டை, எல்லாம் முழுசு.

மடகாஸ்கரில் என்றால் தின்றது ஓரிடம், போட்டது வேறிடம், அங்கே ஒரு மரம். அந்தக் காட்டை வெட்டி எரிக்கிறார்கள். லெமர் போனால் கொட்டை சுமக்க ஆளில்லை, மிச்சக் காடும் போகும். இங்கே கொங்கிரீட் தரை. அவள் விதைப்பதைத் தினமும் நான் கூட்டி அள்ளுகிறேன். வயிறு எரிகிறது.

5 மார்ச், செவ்வாய்
லெமர்களைப் பராமரிக்கும் மார்கரெட், என் கட்சி, மேலதிகாரியிடம் கேட்டாள்: 26ஆம் தேதி வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லலாமா என்று. சிரித்தார். துப்புரவு வேலைக்காரியா? பிறகு, எச்சத்தில் வந்த கொட்டை ஒன்று முளைத்தால் பேசட்டும் என்றார். முளைக்காவிட்டால் விளக்குமாறு.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் தாவரவியல் படிப்பித்தவள் நான். நாட்டை விட்டு வந்து, ஒரு வகுப்புக்கு முன்னால் நின்று ஆறு வருடமாகிறது. பேசத்தான் போகிறேன்.

ஒன்பதும் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, சாசரில். வீட்டில் சூடான இடம் சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிதான். அங்கே.

12 மார்ச், செவ்வாய்
வெயில் மாதிரி ஏதோ. கதவைத் திறந்ததும் வறுத்த வாசம். குசினியில் சிவா (என் கணவரின் தம்பி, ஜனவரியில் ஊரிலிருந்து வந்தவன்) எதையோ கடித்துக்கொண்டு.

"மச்சாள், கழுவி வச்சிருந்தியள். வறுக்கத்தானே எண்டு நினைச்சன். ஊர்ப் புளியங்கொட்டை மாதிரியே இருக்கு."

எங்கிருந்து வந்த கொட்டை என்று சொன்னேன். தொட்டிக்கு ஓடினான். சட்டியில் பார்த்தேன், ஒன்றும் மிச்சமில்லை. அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்தது.

வாய் கொப்பளித்துவிட்டு வந்து, "கடைப் பழத்தின்ரை கொட்டையை வைப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். பிள்ளையளுக்குப் பொய் படிப்பிக்க ஏலாது."

நாளைக்கே மேபலுக்குத் திரும்பப் புளி.

15 மார்ச், வெள்ளி
மழை. எச்சத்தில் நாலு. நாலே நாலு. அலுமாரிக் கதவில் சிவாவின் கையெழுத்தில் ஒரு தாள்: 'தின்னக் கூடாது.' அவனைத் தவிர யார் தின்னப்போகிறார்கள்? துணி நனைப்பதும் இனி அவன் பொறுப்பாம்.

22 மார்ச், வெள்ளி
ஒன்றில் பூஞ்சணம். எறிந்தேன். மூன்று கொட்டை, நாலு நாள். பயமாக இருக்கிறது. இருந்தாலும் கூட்டும்போது பேச்சைச் சொல்லிப் பார்க்கிறேன். மேபல் முழுக்கக் கேட்டாள், கொட்டாவி ஒருமுறைதான்.

பல் டாக்டர், வியாழன்.

25 மார்ச், திங்கள்
குளிர். மதியம் மார்கரெட் ஓடி வந்தாள், எனக்குப் போன் என்று. சிவா.

"மச்சாள், ஒண்டு வெடிச்சு வேர் விட்டிட்டுது! வெள்ளையா, நகத்தளவு. நான் தொடேல்லை!"

அப்படியே மேலதிகாரியின் அறைக்குப் போனேன், கையுறையோடு. காலையில் கொண்டுவந்து காட்டு, பத்து மணிக்குப் பேசு என்றார்.

எடுத்து வைக்க: சாசர், கரும்பலகையில் எழுத வெண்கட்டி, நீலச் சேலை. நாளைக்குக் கூட்டுவது மார்கரெட்.