ஆயில் குச்சியில் பார்த்த நிறம்

திருமானூர்,
மாசி 20

அன்பு மகன் அறிவழகனுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை மட்டும் இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. நீ கிளம்பும்போது உன் அக்கா ஜோதியிடம் கொடுத்த சீஷெல்ஸ் தீவுத் துறைமுக ஆபீஸ் விலாசத்துக்குத்தான் இதைப் போடுகிறேன், அங்கே வந்து நீ பெயரைச் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்களாம். அப்படியானால் இதைப் பிரிக்கிறபோது நீ சுகமாகத்தான் கரை ஏறியிருக்க வேண்டும். தை மூன்றாம் தேதி மலேசியாவில் லங்காவியிலிருந்து அந்தப் பழைய பாய்மரப் படகில் தனியாளாகக் கிளம்பினாய். முப்பத்தைந்து நாள், மிஞ்சினால் நாற்பது என்று சொன்னாய். இன்றோடு நாற்பத்தாறு ஆகிறது.

ஊர்ச் சேதி என்று பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு இடது கண்ணில் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது ஸ்பேனர் நம்பர் கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. வேப்பந்தட்டையில் ஜோதி வீட்டில் மக்காச்சோளம் அறுத்துவிட்டார்கள், விளைச்சல் சுமார்தான். அவள் வாரம் தவறாமல் இரண்டு பஸ் மாறி வந்துவிடுகிறாள், அம்மாவுக்கு வடகம் போட ஒத்தாசை என்கிறாள், வந்ததும் என் போனை வாங்கி உன்னிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். அம்மா ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள், நமக்கு எல்லாச் சாமியும் ஒன்றுதானே. உன்னைப் பற்றி யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். ரேஷன் கடையில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், மீன்காரம்மாவிடமும் சொன்னாள். "அவங்க அப்பாவே பாத்து நல்லாருக்குன்னு சொன்ன இஞ்சின். அது ஏன் நிக்கப்போவுது?" அவள் அதைச் சொல்ல ஆரம்பித்தால் நான் எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுகிறேன்.

அதைத்தான் எழுத வந்தேன். புரட்டாசியில் நீ படகைக் காட்டி வீடியோ அனுப்பினாய். நாற்பது வருஷத்துக்கு முந்தியது, பேர்போன பட்டறையில் செய்தது, தளம் முழுக்க தேக்கு என்று குதித்தாய். உன்னைவிட ஆறு வயசு மூத்ததைக் கட்டிக்கொண்டு போகிறான் பார் என்று அம்மா கேலி செய்தாள். பத்து வருஷம் அடுத்தவன் படகுக்கே பெயின்ட் அடித்தேன், ஒரு தடவையாவது என் படகில் போக வேண்டும் என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. பலகை, பாய், கயிறு எல்லாம் நீயே பார்த்துவிட்டாய். இஞ்சினை மட்டும் என்னிடம் விட்டாய். "அது எனக்குத் தெரியாதுப்பா, நீங்க சொன்னா சரி" என்றாய். ஆயில் குச்சியை உருவிப் போனில் காட்டினாய். அதில் ஒட்டியிருந்த ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. முப்பத்தெட்டு வருஷமாகச் சிமென்ட் லாரிகளைப் பிரித்துப் போடுகிறவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும். ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, இஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டிருக்கும். நான் நல்லாருக்கு, வாங்கு என்று சொன்னேன்.

பார்க்காமல் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னேன். வேண்டாம் என்றால் வேறு படகு பார்ப்பாய், அது நல்ல படகாக அமைந்துவிட்டால் போய்விடுவாய். இது என்றால் பத்து நாளில் படுத்துவிடும், கரையிலேயே கிடந்து ரிப்பேர் பார்த்து வெறுத்துப்போய் எவன் தலையிலாவது கட்டிவிட்டு ஊருக்கு வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். பிச்சைமுத்துவின் டிப்பர் இதே மாதிரி ஆயிலோடு வந்து நம் ஷெட்டில் இரண்டு வருஷம் நின்றதே, ஞாபகம் இருக்கும். சுண்ணாம்புச் சுரங்கத்திலிருந்து அது ஏற்றி வந்த கல்லில்தானே நீ கல்லாய்ப்போன சிப்பி பொறுக்குவாய். இஞ்சின் செத்தால் வண்டி நிற்கும், இது ஒன்றுதான் நான் தொழிலில் படித்தது. காற்றிலேயே கிளம்பிப் போகிற ஒன்றை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே அய்யா. படகையும் லாரி என்றே நினைத்துவிட்டேன்.

இஞ்சின் படுத்துவிட்டது என்று நீ கூப்பிடுவாய் என்று ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாசமும் காத்திருந்தேன். நீ பொங்கலுக்குக் கூப்பிட்டு, நாளை மறுநாள் கிளம்புகிறேன், இஞ்சினை அதிகம் ஓட்டவே இல்லை, காற்று நன்றாக இருக்கிறது என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பருப்புப் பொடி தீர்ந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் பொய்யன் ஆக எனக்கு வெட்கமாக இருந்தது. "ஆயிலப் பாத்துக்கப்பா" என்று மட்டும் சொன்னேன். நீ சரிப்பா என்றாய். என் வெட்கத்துக்காக உன்னை அனுப்பிவிட்டேன்.

போன வாரம்தான் ஜோதியிடம் பேச்சுவாக்கில், பாய்மரப் படகுக்கு இஞ்சின் எதற்கு என்று கேட்டேன். அவள் விவரமாகப் படித்து வைத்திருக்கிறாள். நடுக்கடலில் காற்று செத்துப்போனால் வேண்டுமாம், எல்லாவற்றையும்விடப் பாறைக்கு நடுவே துறைமுகத்துக்குள் நுழையும்போது வேண்டுமாம். காற்று இல்லையென்றால் தாமதமாகும், தாமதத்துக்கு வேற அர்த்தம் கிடையாதுப்பா என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். லங்காவியில் உன்னோடு வேலை செய்த வீரமணிக்குப் போன் போட்டேன். அவ்வளவு தூரம் பேசுகிற ரேடியோ உன் படகில் இல்லை, சொல்லி அனுப்ப வழியே இல்லை என்றார். ஆக நான் சொல்ல வேண்டியதை, அந்தப் பாறைகளைத் தாண்டி நீ வந்த பிறகுதான் படிப்பாய். பிறகு அது எதற்கு என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் எழுதுகிறேன், வேறு என்ன செய்ய.

நீ அங்கே நின்று இதைப் படிக்கிறாய் என்றால், அந்த இஞ்சினை நம்பி மேற்கொண்டு ஒரு மைல் போகாதே. படகை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டு வா. என் மேல் கோபப்படு, பேசாமல் இரு, அம்மாவிடம் நீயே சொல், எல்லாம் உன் இஷ்டம். மறக்காமல் அங்கிருந்து ஒரு போன் போடு, இரண்டு வார்த்தை போதும். உனக்கு ஒரு குறையும் வராமல் நம் குலசாமி கூட நிற்கட்டும், நான் செய்ததை என் தலையோடு போகவிடட்டும்.

திங்கட்கிழமை ஸ்டாம்பு எவ்வளவு ஒட்ட வேண்டும் என்று கேட்கப் போஸ்டாபீஸ் போனேன். அங்கே இருக்கிற சக்தி நல்ல பெண், விவரமெல்லாம் சொல்லிவிட்டு, "பின்னாடி உங்க விலாசத்தையும் எழுதிருங்கய்யா. ஆளு வந்து வாங்கலன்னா உங்க வூட்டுக்கே திரும்பி வந்துரும்" என்றது. தலையாட்டிவிட்டு வந்தேன். நான் எழுதப்போவதில்லை அறிவழகா. இந்தக் கவர் திரும்பி வந்து வாசலில் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்குகிற நாளை என்னால் பார்க்க முடியாது. கேட்க ஆள் வருகிறவரை அது அங்கேயே கிடக்கட்டும். நம் வீட்டு விலாசம் உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராசாங்கம்